கண்ணாடி இழையும் கரிசல் மண்ணும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எம் தங்கை வீட்டாருக்கு ஐந்து ஏக்கர் கரிசல் காடு உண்டு. பருத்தியும் உளுந்தும் கம்பும் மாறி மாறி விளைந்த நிலம். 2023-ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஒரு மாலைப் பொழுது, தங்கையின் மகன் எம்மை அந்நிலத்துக்கு அழைத்துச் சென்றான். மழை இன்னும் இறங்கவில்லை. நிலம் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை இறங்கிற்று. அவ்வெடிப்புகளின் நடுவே நின்றுகொண்டு அவன், “மாமா, இங்கேதான் தொழிற்சாலை வரப் போகிறது” என்றான்.

“என்ன தொழிற்சாலை?” என்றோம்.

“ஒளியிழைக் கேபிள். ஊரெல்லாம் ஃபைபர், ஃபைபர் என்கிறார்களே, அதுதான்.”

பிறகு ஒரு தடித்த புத்தகத்தை எம் கையில் கொடுத்தான். மேலட்டையில் பொன்னிற எழுத்துகள். உள்ளே படங்களும் கணக்குகளும். வடக்கே ஒரு நகரத்திலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் தயாரித்த திட்ட அறிக்கை அது. வங்கியில் 12 கோடி ரூபாய் கடன். மூன்று இயந்திர வரிசைகள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் கண்ணாடி இழையையே இழுத்தெடுக்கும் கோபுரம். ஐந்தாம் ஆண்டில் கடன் முழுவதும் அடைபடும் என்று எழுதியிருந்தது. கடனுக்கு ஈடாக அந்த ஐந்து ஏக்கரும், கோவில்பட்டியில் தங்கை குடியிருக்கும் வீடும் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். இரண்டும் தங்கையின் பெயரில் இருந்தன.

“நீங்கள் ‘நல்லது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமா. அம்மா கையெழுத்துப் போட்டு விடுவாள்” என்றான் மருமகன்.

அந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பு ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நாம் தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊழியம் பார்த்தோம். முற்பாதி செம்புக் கம்பியோடும், பிற்பாதி ஒளியிழையோடும் கழிந்தன. கடைசி ஆண்டுகளில், துறை வாங்கவிருக்கும் கேபிளைத் தொழிற்சாலைக்கே சென்று சோதித்து, ஏற்பதோ தள்ளுவதோ எம் வேலையாக இருந்தது. ஆகவே குடும்பத்தில் கேபிள் என்றால் நாம்தான் சாஸ்திரி.

மறுநாள் விடை சொல்வதாகக் கூறிவிட்டு வந்தோம். அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. காரணம் அந்த அறிக்கை மட்டுமன்று. பழைய நினைவு ஒன்றும் உண்டு. 1999-ஆம் ஆண்டில், எம்மோடு பணிபுரிந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், செம்புத் தொலைபேசிக் கேபிள் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் பங்கு சேர்வது பற்றி எம் கருத்தைக் கேட்டார். ஊர்களுக்கிடையே ஒளியிழை ஓடத் தொடங்கியதையும், கைபேசி பரவி வருவதையும் நாம் அறிவோம். செம்புக் கேபிளுக்கு இனி நெடுநாள் வாழ்வில்லை என்று எம் உள்ளம் சொல்லிற்று. ஆயினும் அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வராமல், “கடவுள் விட்ட வழி, செய்யுங்கள்” என்று சொல்லி வைத்தோம். சில ஆண்டுகளுக்குள் நாட்டில் அத்தகைய தொழிற்சாலைகள் பலவற்றுக்கு வேலை இல்லாது போயிற்று. நண்பர் வீட்டை விற்றார். எம்மை அவர் ஒரு நாளும் குறை கூறியதில்லை. அதுவே எமக்கு இன்றளவும் ஆறாத புண்ணாக இருக்கிறது.

மறுநாள் காலையில் மருமகனை எதிரே உட்கார வைத்து, “முதலில் நீ செய்யப் போகும் பொருள் யாது என்று தெரிந்துகொள்” என்று தொடங்கினோம். அன்று அவனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சுருங்கச் சொல்கிறோம். இன்று நம் வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் மெல்லிய கறுப்புக் கம்பிக்குள் இருப்பது என்ன என்பதை யாவரும் அறிந்திருப்பது நல்லது.

கண்ணாடி இழையின் வழியே ஒளியை நெடுந்தொலைவு அனுப்பிப் பேசலாம் என்று 1966-இல் கணக்கிட்டுக் காட்டியவர் சார்லஸ் காவ். ஹாங்காங்கில் புனித சூசையப்பர் கல்லூரியில் பயின்று, இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்தவர். 2009-இல் நோபெல் பரிசு பெற்றவர். ஒளி மங்குவதற்குக் காரணம் கண்ணாடியில் உள்ள அழுக்கே என்று அவர் சொன்னார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார், ஒரு கிலோமீட்டர் ஓடிய பிறகும் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி எஞ்சும் இழையைச் செய்து காட்டினர். இன்றைய நல்ல இழையில், அந்த நூற்றில் ஒரு பங்காக ஒளி குறைவதற்குச் சுமார் நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ அவ்வளவுதான். 2006-ஆம் ஆண்டில் நம் தூத்துக்குடியையும் இலங்கையின் கல்கிசையையும் கடலடியில் இணைத்தவையும் இத்தகைய இழைகளே.

இந்த இழையின் கண்ணாடிப் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் நடுப்பகுதியோ மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உயரமான கோபுரத்தின் உச்சியில், சுமார் 2000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கண்ணாடித் தண்டின் நுனியை உருக்கி, கீழ்நோக்கி நூலாய் இழுத்து, இறங்கும்போதே மேற்பூச்சும் பூசிச் சுற்றுவார்கள். தூசு ஒன்று பட்டாலும் இழையின் வலிமை குறையும். இதனை இந்தியாவில் செய்வோர் விரல் விட்டு எண்ணத்தக்க பெரிய நிறுவனத்தார் மட்டுமே. பெரும்பாலான கேபிள் தொழிற்சாலைகள் இழையை விலைக்கு வாங்கி, அதற்குக் கவசம் அணிவிக்கும் வேலையையே செய்கின்றன.

அக்கவசம் எப்படி அமைகிறது? முதலில், இணைப்பவர் அடையாளம் காணும் பொருட்டு, இழைகளுக்கு நீலம், ஆரஞ்சு, பச்சை என்று பன்னிரண்டு நிறங்கள் பூசுவார்கள். பின்னர் சில இழைகளைச் சேர்த்து, ஒருவகைப் பிளாஸ்டிக் குழாய்க்குள், நீர் புகாத களிம்போடு இடுவார்கள். அத்தகைய குழாய்களை நடுவில் உள்ள உறுதியான கண்ணாடிநார்க் கோலைச் சுற்றி வலமும் இடமும் மாற்றி மாற்றி முறுக்குவார்கள். அதன் மேல் நீரை உறிஞ்சி வீங்கி அடைக்கும் நாடா, இழுவையைத் தாங்கும் அராமிட் நூல், வெயிலைத் தாங்கக் கரித்தூள் கலந்த கறுப்பு உறை ஆகியவை வரும். கரையானும் எலியும் உள்ள இடமாயின் நைலான் மேலுறை ஒன்றும் வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது ஒன்று உண்டு. குழாயின் நீளமும் அதனுள் கிடக்கும் இழையின் நீளமும் ஒன்றாக இருத்தல் கூடாது. ஆயிரம் மீட்டர் குழாயில் இழை ஓரிரு மீட்டர் மிகுதியாக, நெளிந்து கிடக்க வேண்டும். கேபிளை யாரேனும் இழுத்தால் குழாய் நீளும், உள்ளிருக்கும் இழை தன் நெளிவை விட்டு நிமிரும், ஆனால் இழுபடாது. இதற்கு உபரி நீளம் என்று பெயர். அது குறைந்தால் இழை அறும். மிகுந்தால், குழாயின் சுவரில் இழை நெருங்கி வளைந்து ஒளி கசியும். உருகி வரும் குழாயை எவ்வளவு வெந்நீரில், பின்பு எவ்வளவு தண்ணீரில் குளிர்விக்கிறோம், எவ்வளவு இழுவையில் சுற்றுகிறோம் என்பவற்றைக் கொண்டே அந்த ஓரிரு மீட்டர் அமைகிறது. அந்தப் பக்குவம் இயந்திரத்தோடு பெட்டியில் வருவதில்லை. இயக்குபவன் கையில் இருக்கிறது.

இந்த உபரியின் அருமையை நாம் கற்றது எம் சொந்தப் பிழையினால். கேபிளைத் தரையில் 165 சென்டிமீட்டர் ஆழத்தில் பதிப்பது வழக்கம். எட்டயபுரம் சாலையருகே ஓரிடத்தில், நேரம் போதாமையால், இணைப்புக் குழியில் விட வேண்டிய சுருளைக் குறைத்து விட்டோம். கரிசல் மண்ணின் குணம் நாம் யாவரும் அறிந்ததே. கோடையில் சுருங்கி வெடிக்கும். மழையில் உப்பி எழும். ஐப்பசி மழை இறங்கிய வாரத்தில் அங்கே தொடர்பு அறுந்தது. தோண்டிப் பார்த்தபோது கேபிள் வீணைத் தந்தி போல் விறைத்து நின்றது. மண் இழுத்த இழுப்புக்குக் கொடுப்பதற்கு அதனிடம் ஒரு சாண் மிச்சமில்லை.

இதைக் கேட்டதும் மருமகன், “இதெல்லாம் அறிக்கையில் இல்லையே, மாமா” என்றான்.

“அறிக்கையில் இல்லாதவை இன்னும் உண்டு” என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னோம்.

முதலாவது, சோதனைச் சாலை. கேபிளைச் செய்வது பாதி வேலை. சோதித்து மெய்ப்பிப்பது மறுபாதி. இழுத்துப் பார்க்க வேண்டும். நசுக்கிப் பார்க்க வேண்டும். வளைத்துப் பார்க்க வேண்டும். வெப்பத்திலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மீட்டர் துண்டின் ஒரு முனையில் ஒரு மீட்டர் உயரத் தண்ணீரை நிறுத்தி, இருபத்து நான்கு மணி நேரத்தில் மறுமுனையில் சொட்டு வருகிறதா என்று காண வேண்டும். இவற்றுக்கான கருவிகளுக்கு அறிக்கை ஒரு வரி மட்டும் ஒதுக்கியிருந்தது. அரசுத் துறைகள் வாங்க வேண்டுமானால் மாதிரிகள் தேர்ச்சி பெற்றுச் சான்று வர வேண்டும். அதுவரையில் வட்டி காத்திராது.

இரண்டாவது, மின்சாரமும் தண்ணீரும். பிளாஸ்டிக் உருகி ஓடும் நேரத்தில் மின்சாரம் ஒரு நிமிடம் நின்றால், உருகியது உள்ளேயே கருகும். ஓடிய நீளம் பாழாகும். எனவே மாற்று மின்சாரம் முதல் நாளிலேயே வேண்டும். குளிர்விக்கும் தொட்டிகளுக்கு உப்பில்லாத் தண்ணீர் வேண்டும். தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைத்த ஊர் நமது. நிலத்தடி நீரோ உப்பு. தண்ணீரைச் சுத்திகரித்து, குளிரூட்டிச் சுழலவிடும் ஏற்பாட்டுக்கு அறிக்கையில் பணமே இல்லை.

மூன்றாவது, சந்தை. 2023 ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு பாரத்நெட் திட்டத்துக்குச் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்ததை அறிக்கை பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அது மெய்தான். ஆனால் அத்தொகை முழுவதும் கேபிளுக்கு அன்று. பெரிய ஒப்பந்தங்களை எடுப்போரும் பெரியவர்களே. கேபிள் விலையில் பெரும்பகுதி இழைக்கும் பிளாஸ்டிக்குக்கும் போய்விடும். எஞ்சுவது சிறிது. அச்சிறிதும் வாங்கியவர் பணம் தரும் நாள் வரை கைக்கு வராது. 2000-ஆம் ஆண்டில் உலகமெங்கும் இழைக்குத் தட்டுப்பாடு; 2001-இல் தொலைத்தொடர்புத் தொழில் சரிந்தபோது அதே இழை கிடங்குகளில் தேங்கிற்று. இத்தொழிலில் அலை எழும், விழவும் செய்யும்.

“எல்லாரும் விழுந்து விடுகிறார்களா?” என்று சற்றுக் கோபத்துடன் கேட்டான்.

“இல்லை. சென்னை கிண்டியில் 1960-இல் டெலிபிரிண்டர் செய்வதற்கென்று அரசு ஒரு தொழிற்சாலை தொடங்கிற்று. டெலிபிரிண்டர் என்ற பொருளே உலகில் வழக்கொழிந்து போயிற்று. கைமாறிய அந்நிறுவனம் பின்னர் ஒளியிழைக் கேபிள் செய்யலாயிற்று. பிழைப்பவர் உண்டு. காலம் மாறும்போது திரும்புவதற்கு இடம் வைத்திருப்பவரே பிழைக்கிறார். உன் கணக்கில் அந்த இடம் எங்கே? நிலமும் வீடும் ஈட்டில். தீப்பெட்டித் தொழிலை மூடி விடுவதாகவும் எழுதியிருக்கிறது. ஓராண்டு மழை தவறினால் உன் கேபிளில் கொடுப்பதற்கு ஒரு சாண் இருக்கிறதா?”

அவன் பேசவில்லை. நாம் கடைசியாக ஒன்று கேட்டோம்: “இந்த ஆலோசகருக்கு எவ்வளவு கொடுத்தாய்?”

“மிகக் குறைவுதான், மாமா. மீதியை இயந்திரம் விற்பவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி விட்டார்.”

விற்பவன் கையில் கூலி வாங்குகிறவன், வாங்குபவனுக்கு எவ்வாறு ஆலோசகன் ஆவான்? அவர் பொய் எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. எழுதியவை அனைத்தும் பெரும்பாலும் மெய்யே. எழுதாமல் விட்டவைதாம் எம் தங்கையின் வீட்டை விழுங்கக் கூடியவை. 1999-இல் நாம் எம் நண்பருக்குச் செய்ததும் அதுவே அன்றோ! நாமும் பொய் சொல்லவில்லை; தெரிந்ததைச் சொல்லாமல் விட்டோம்.

ஆகவே இம்முறை சொல்லி விட்டோம்: “கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றிக் கோவிலில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! இந்த அறிக்கைப்படி செய்யாதே. இழை இழுக்கும் கோபுரத்தை மறந்து விடு. வீட்டை ஈடு வைக்காதே. தீப்பெட்டித் தொழிலை மூடாதே. நாற்பது பெண்களின் அடுப்பு அதில் எரிகிறது. ஆறு மாதம் எங்கேனும் ஒரு கேபிள் தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை செய். அதன் பிறகும் ஆசை இருந்தால், வீடுகளுக்குள் செல்லும் ஓரிழை, ஈரிழைக் கேபிள் செய்யும் ஒரே ஒரு வரிசையோடு, வாடகைக் கொட்டகையில் தொடங்கு.”

மருமகன் எழுந்தான். “நீங்கள் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர், மாமா. உங்களுக்குத் தொழில் செய்கிறவன் மனம் தெரியாது” என்று சொல்லிவிட்டு, அறிக்கையை எடுத்துக்கொண்டு போனான். தங்கை கையெழுத்துப் போடவில்லை. நான்கு மாதம் அவன் எம்மோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் அன்று தங்கை மட்டும் பலகாரம் எடுத்து வந்தாள். “உங்கள் மேல் அவனுக்குக் கோபம், அண்ணே. என் மேலும்தான்” என்றாள். அவன் சொன்னதில் நியாயம் இல்லையோ என்று நாமும் பல இரவு எண்ணிப் பார்த்தோம். துணிவு இல்லாவிடில் இந்த மண்ணில் ஒரு தொழிலும் முளைத்திராது என்பது உண்மையே.

ஆனால் அத்துணிவு எத்தகையது? 1922-இல் சிவகாசியிலிருந்து ஐயநாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைத் தங்கள் கையால் கற்றுத் திரும்பினர். மறு ஆண்டில் தொழில் தொடங்கினர். மழை பொய்க்கும் இப்பகுதியில் பிற்பாடு கோவில்பட்டி, சாத்தூர் வரை எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய அப்பயணமே வழி செய்தது. அவர்களிடம் பொன்னெழுத்து அறிக்கை எதுவும் இல்லை. தொழிலைக் கைகளால் அறிந்த பின்னரே பணத்தை இட்டனர். இதனை ஒரு கடிதமாக எழுதி மருமகனுக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை.

2024-இல் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் தொலைபேசி மணி அடித்தது. “மாமா, வட மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறேன். நிறம் பூசும் இயந்திரத்தில் இரவு வேலை” என்றான். தீப்பெட்டித் தொழிலைத் தங்கை பார்த்துக்கொண்டாள். ஆறு மாதம் என்றது எட்டு மாதமாயிற்று.

இப்பொழுது கோவில்பட்டியில் ஒரு வாடகைக் கொட்டகையில் ஒரே ஒரு வரிசை ஓடுகிறது. தீப்பெட்டித் தொழிலிலிருந்து வந்த நான்கு பெண்கள் அங்கே வேலை கற்றிருக்கிறார்கள். குச்சிகளை விரல் நுனியில் எண்ணிப் பழகிய கைகளுக்கு இழையும் பழகி விட்டது. இலாபம் என்று சொல்ல இன்னும் ஒன்றுமில்லை. தொழில் நிற்குமா, நிலைக்குமா என்பதை நாம் அறியோம்.

ஒன்றை மட்டும் அறிவோம். முதன்முதலாக ஓடிய எட்டுக் கிலோமீட்டர் கேபிளை அவன் சோதனைக் கருவியில் மாட்டிப் பார்த்தான். இழை அறவில்லை, பேச்சும் போகும், வாங்குவதற்கும் ஒருவர் காத்திருந்தார். ஆனால் ஓரிடத்தில் ஒளி இழப்பு இருக்க வேண்டிய அளவைத் தாண்டிற்று. வாங்குபவருக்கு அது தெரிந்திராது. அவன் அந்த எட்டுக் கிலோமீட்டரையும் வெட்டிப் போட்டு விட்டு எமக்குத் தொலைபேசியில் சொன்னான். “ஏன் வெட்டினாய்?” என்று கேட்டோம்.

“எனக்குத் தெரிந்து விட்டதே, மாமா” என்றான்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளைகளும் ஒரு நாள் ஏதேனும் ஓர் அறிக்கையைக் கையில் ஏந்தி உங்களிடம் வரலாம். அது கேபிளாக இருக்கலாம், கோழிப்பண்ணையாக இருக்கலாம். அதை எழுதியவர் யாரிடம் கூலி பெற்றார் என்று கேளுங்கள். எழுதாமல் விட்டது யாது என்று கேளுங்கள். நன்மழை இல்லாத ஆண்டுக்கு அதில் எவ்வளவு மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். உங்களிடம் ஒருவர் ஆலோசனை கேட்டு வந்தாலோ, அவர் முகம் வாடுமே என்று அஞ்சித் தெரிந்ததை விழுங்கி விடாதீர்கள். வாடிய முகம் நான்கு மாதத்தில் மலர்ந்து விடும். விற்றுப்போன வீடு திரும்புவதில்லை.

சென்ற ஐப்பசியில் மறுபடியும் அந்த ஐந்து ஏக்கரைப் பார்க்கப் போனோம். மழை பெய்து வெடிப்புகள் மூடியிருந்தன. உளுந்து விதைத்திருந்தார்கள்.